கார்டியன் கையெழுத்து

ஜூன் 8, சனி

வத்தலகுண்டு தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் முன்சீட்டுக்காரர் வாந்தி எடுக்க ஆரம்பித்தார். பெருமாள்மலை வரை நிறுத்தவில்லை. சஹானா எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்து வந்தாள். பன்னிரண்டு வயதுப் பெண், நாலு மணி நேரப் பயணத்தில் பெற்ற தாயிடம் பேசியது "தண்ணி" என்ற ஒரே வார்த்தை.

கொடைக்கானலை எதற்கு இப்படிக் கொண்டாடுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. சீசன் முடிந்த ஊர், கல்யாணம் முடிந்த மண்டபம் மாதிரி கிடக்கிறது. ஏரிக்கரை முழுக்க சோளச் சக்கை. காற்று ஆளைப் பிடித்துத் தள்ளுகிறது. குதிரைக்காரன், சைக்கிள்காரன், சாக்லேட் கடைக்காரன் மூன்று பேரும் என் கையைப் பிடித்து இழுக்காத குறை.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மூன்று அறை உள்ள ஒரு லாட்ஜில் தங்கியிருக்கிறோம். நடத்துகிறவள் பெயர் அமலோற்பவம். ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். புருஷன் இல்லை, மகன் ஓசூரில் வேலை. பின்பக்கம் கேரட் போட்டிருக்கிறாள். "வெந்நி காலைல ஆறுல இருந்து ஏழு. அதுக்கு மேல கேட்டா பச்சத்தண்ணிதான்" என்று சாவியைக் கொடுத்தாள். சிரிக்கவே இல்லை. இந்த ஊரில் எனக்குப் பிடித்த ஒரே ஆள்.

ஜூன் 9, ஞாயிறு

இன்று பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வேலை முடிந்தது. நான் ஜெயித்தேன்.

ஹாஸ்டல் பிள்ளைக்கு உள்ளூரில் ஒரு கார்டியன் வேண்டும். அவசரம் என்றால் ஓடி வர, பிள்ளை வெளியே போக அவுட் பாஸில் கையெழுத்துப் போட. சஹானாவின் அப்பா கதிரேசன் தன் அக்கா பூங்கோதையின் பெயரை எழுதத் தயாராக வந்திருந்தார். (அவன் என்று எழுதத்தான் ஆசை, வளர்ப்பு விடவில்லை.) பூங்கோதை இங்கேயே நாயுடுபுரத்தில் இருக்கிறாள். எங்கள் குடும்பத்தைப் பிரித்த மகராசி. இத்தனை தூரம் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவதே கதிரேசன் தினமும் டியூஷன் வாசலில் வந்து நிற்கக் கூடாது என்றுதான். அப்படியிருக்க பிள்ளையை அவர் அக்காள் கையில் கொடுக்கவா?

நான் அமலோற்பவத்தின் பெயரைச் சொன்னேன். காலையில்தான் கேட்டேன், "செரி, எழுதிக்கங்க" என்றாள். யாருக்கும் சொந்தமில்லாதவள், யாரையும் அண்ட விடாதவள். கதிரேசனுக்கு முகம் செத்துவிட்டது. ஆனாலும் மறுக்கக் காரணம் கிடைக்காமல் கையெழுத்துப் போட்டார்.

அதோடு விடவில்லை. அப்பாவுடன் வெளியே அனுப்பக் கூடாது என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். பிரின்சிபால் மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, "ஒருத்தருக்கு மட்டும் தடை போடணும்னா கோர்ட் ஆர்டர் வேணும். இல்லேன்னா ரெண்டு பேருக்கும் பொதுவாத்தான் எழுதலாம்" என்றார். பொதுவாகவே எழுதினேன், என் கையாலேயே: "கார்டியன் நேரில் வந்து கையெழுத்திடாமல், பெற்றோர் உட்பட எவருடனும் மாணவியை வெளியே அனுப்பக் கூடாது."

மதுரையில் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாகப் பத்திரம் சரிபார்க்கிறேன். ஒரு வரி எங்கே உட்கார வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? கார்டியன் என் ஆள். கதவு கதிரேசனுக்குத்தான் பூட்டு.

கோர்ட் போட்ட இடைக்கால ஏற்பாட்டின்படி மாதத்தில் முதல் ஞாயிறு எனக்கு, மூன்றாம் ஞாயிறு அவருக்கு. காலை பத்திலிருந்து மாலை நாலு வரை.

ஜூன் 10, திங்கள்

விட்டுவிட்டு வந்தேன். மற்ற பிள்ளைகள் எல்லாம் அழுதன. இவள் அழவில்லை. தைரியம், என்னைப் போல.

ஜூலை 7, ஞாயிறு

மட்டன் சுக்கா, தயிர்ச் சாதம், மாங்காய் ஊறுகாய் என்று நாலடுக்குக் கேரியர் நிறையச் சுமந்து வந்தேன். கேட்டில் என்னை நிறுத்திவிட்டார்கள். கார்டியன் வர வேண்டுமாம். "நான் அம்மா" என்றேன். "ஃபார்ம்ல அப்டித்தான இருக்கு மேடம்" என்றான் வாட்ச்மேன். பதினைந்து நிமிடம் குளிரில் நின்றேன்.

அமலோற்பவம் சேறு ஒட்டிய செருப்போடு வந்தாள். பேனாவைக் கையில் எடுத்த பிறகும் கையெழுத்துப் போடவில்லை. சஹானாவைப் பார்த்து, "போறியா தங்கம்?" என்று கேட்டாள். பெற்றவளோடு போக இவளிடம் உத்தரவு கேட்க வேண்டும்! சஹானா "ம்" என்றாள். அப்புறம்தான் கையெழுத்து.

ஏரிக்கரையில் உட்கார்ந்தோம். மூடுபனியில் எதிரே இருக்கும் படகு தெரியவில்லை, இதைப் பார்க்கத்தான் ஜனம் வருகிறது. போன மூன்றாம் ஞாயிறு அப்பா வந்தாரா, என்ன வாங்கிக் கொடுத்தார், என்னைப் பற்றி என்ன கேட்டார், பூங்கோதை கூட வந்தாளா என்று விசாரித்தேன். சாதாரணமாகத்தான் விசாரித்தேன். சுக்காவில் இரண்டு துண்டு தின்றாள். ஒரு மணி வாக்கில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள்.

மெஸ் சாப்பாடுதான் காரணம். திரும்பிப் போய் வார்டனை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டேன். சிக் ரூமில் படுக்க வைத்தார்கள். நாலு மணி பஸ்ஸில் மலை இறங்கினேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மறுபடி வயிற்றுவலி. இந்த ஊரிலேயே ஸ்கேன் எடுத்தேன். எல்லாம் நார்மல் என்கிறான் ஸ்கேன் டாக்டர். அவனுக்குப் படிக்கத் தெரியவில்லை.

செப்டம்பர் 1, ஞாயிறு

வயிற்றுவலி. பேரிக்காய் சீசன். இரண்டு கிலோ வாங்கிப் பாதியை பஸ்ஸில் மறந்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

மழை. இரண்டாவது சீசன் என்று சொல்லிக்கொண்டு இந்த மழையிலும் வேனில் வந்து இறங்குகிறார்கள், பிளாஸ்டிக் கோட்டு மாட்டிக்கொண்டு செல்ஃபி எடுக்கிறார்கள். லாட்ஜ் வாசலில் ஒரு காட்டெருமை நின்றது, கார் அளவுக்கு. நான் கத்தினேன். அமலோற்பவம் முறத்தை விசிறிக்கொண்டே வெளியே வந்து, "அது பாட்டுக்குப் போகும், நீங்க கத்தாதீங்க" என்றாள். அது அவள் பேச்சுக்கு நகர்ந்து போயிற்று.

சஹானாவுக்கு இன்றும் வயிற்றுவலி. நகத்துக்குள் மண். என்னடி இது என்றதற்கு, "கேரட் புடுங்கினேன்" என்றாள். எங்கே? ஆன்ட்டி வீட்டில். எப்போது? ரெண்டாவது ஞாயிறு.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. இரண்டாம் ஞாயிறு எங்கள் இருவருக்கும் இல்லாத நாள். அன்று அமலோற்பவம் தானே அவுட் பாஸ் போட்டு இவளைச் சந்தைக்குக் கூட்டிப்போகிறாளாம். ஞாயிற்றுச் சந்தையில் சாக்கை விரித்து இரண்டு பேரும் கேரட் விற்கிறார்கள். என் மகள், சாக்கில் உட்கார்ந்து! "பூம்பாறைப் பூண்டுன்னா தோல் எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியும்மா" என்றாள். நாலு மாதத்தில் அவள் என்னிடம் பேசிய நீளமான வாக்கியம் அது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

லாட்ஜுக்குப் போய் நேராகவே கேட்டேன்.

"உங்களை யாரு எம்பொண்ணைச் சந்தைக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னது?"

"அவதான் கேட்டா."

"ஒரு கையெழுத்துப் போட்டதுனால நீங்க பெத்தவளா ஆயிட மாட்டீங்க."

"நான் எப்பம்மா அப்டிச் சொன்னேன்?" அவள் பட்டாணி உரித்துக்கொண்டே பேசினாள், தலையைத் தூக்கவில்லை. "ஆனா ஒண்ணு கேக்கணும். எங்கூட வர்ற அன்னிக்கு இந்தப் பிள்ளைக்கு வயித்துவலி வரமாட்டேங்குதே, அது ஏன்?"

"அன்னிக்கு மெஸ்ல சாப்பிடறதில்ல, அதான்" என்றேன். சரியான பதில்தானே? அவள் அடுத்த பட்டாணியை எடுத்து உரித்தாள். திமிர் பிடித்தவள்.

நவம்பர் 3, ஞாயிறு

மலைப் பாதையில் மண்சரிவு. வத்தலகுண்டிலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். மூன்று மணி நேரம் டீக்கடையில் நின்றேன். கேரியரில் இருந்த கோழிக் குழம்பைக் கடைக்காரனுக்கே கொடுத்துவிட்டேன்.

ஹாஸ்டலுக்குப் போன் அடித்தேன். சஹானா கார்டியனோடு லாட்ஜுக்குப் போயிருக்கிறாள் என்றார்கள். அங்கே அடித்தேன். எடுத்ததே சஹானாதான். சிரித்துக்கொண்டே எடுத்தாள், மூச்சு வாங்கிற்று. "பெரியம்மா, இருங்க, போனு!" என்று யாரிடமோ கத்திவிட்டு, "ஹலோ, யாரு?" என்றாள்.

"நான்தான்" என்றேன்.

குரல் இறங்கிவிட்டது. "அம்மா" என்றாள். சாப்பிட்டியா என்றேன், ம். படிக்கிறியா, ம். மழைக்கு லைன் சரியில்லை, அதனால்தான் அப்படிக் கேட்டது.

பெரியம்மாவாம். எனக்கு அக்காவே கிடையாது.

டிசம்பர் 1, ஞாயிறு

வயிற்றுவலி.

ஜனவரி 5, ஞாயிறு

உறைபனி. ஏரிக்கரைப் புல்லெல்லாம் உப்புக் கொட்டிய மாதிரி கிடக்கிறது. அதைக் காலால் மிதித்துப் பார்த்துக் கூச்சல் போட விடிவதற்கு முன்பே வேன் வேனாக வருகிறார்கள். இரண்டு ஸ்வெட்டர் போட்டும் எனக்கு விரல் விறைத்துவிட்டது. அமலோற்பவம் சூடாக ஒரு டம்ளர் சுக்குக் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அக்டோபர் சண்டைக்குப் பிறகு நாங்கள் பேசுவதில்லை. காப்பியைக் குடித்தேன். குளிருக்குத்தான்.

அரையாண்டு விடுமுறையில் பாதி அவரிடம், பாதி என்னிடம் இருந்தாள். என்னிடம் இருந்த ஐந்து நாளும் அறைக்குள்ளேயே படித்துக்கொண்டிருந்தாள். நல்ல பிள்ளை.

ஏப்ரலில் குடும்ப நீதிமன்றத்தில் ஜட்ஜ் அம்மா அவளையே கூப்பிட்டுக் கேட்பார்களாம். அந்த ஒரு பதிலில்தான் எல்லாம் இருக்கிறது, மகள் எனக்கா கதிரேசனுக்கா என்பது அதோடு முடிந்துவிடும். இன்று ஏரிக்கரையில் சொல்லிக் கொடுத்தேன்.

"ஜட்ஜ் அம்மா கேட்டா என்ன சொல்லுவ?"

"அம்மாகூட இருக்கேன்னு."

"சத்தமா சொல்லு. முணுமுணுத்தா எழுதிக்க மாட்டாங்க."

சத்தமாகச் சொன்னாள். அப்பாவைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் சொல்ல வைத்தேன். மூன்றாவது தடவை சொல்லும்போது வாந்தி எடுத்துவிட்டாள். பனிப் புல்லின் மேலேயே. பக்கத்தில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்த குடும்பம் முகத்தைச் சுளித்துக்கொண்டு விலகியது. அந்தக் குடும்பத்துப் பெண்மணியை நான் பார்த்த பார்வையை அவள் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டாள்.

சிக் ரூமில் நர்ஸ் ரிஜிஸ்டரை நீட்டிக் கையெழுத்துக் கேட்டாள். ரிஜிஸ்டர் என்றால் என் கை சும்மா இருக்காது. பின்னால் புரட்டினேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜூலை 21, ஆகஸ்ட் 18, செப்டம்பர் 15, அக்டோபர் 20, நவம்பர் 17, டிசம்பர் 15. "சஹானா, ஏழாம் வகுப்பு, வயிற்றுவலி." ஆறும் மூன்றாம் ஞாயிறு. ஆறும் கதிரேசன் வந்துபோன நாள்!

பிள்ளை அப்பாவைப் பார்த்தாலே நோய் வந்து படுக்கிறாள். இதைவிடச் சாட்சி எந்தக் கோர்ட்டுக்கு வேண்டும்? நர்ஸ் மாத்திரை எடுக்கத் திரும்பியபோது ஆறு வரிகளையும் போனில் போட்டோ எடுத்தேன். மேலேயும் கீழேயும் வேறு தேதிகள் இருந்தன. அவை மெஸ் கோளாறு, வழக்குக்குச் சம்பந்தமில்லாதவை. என் சால்வையை வைத்து மறைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

வக்கீல் அம்மாவுக்கு ஏகக் குஷி. "இது ஒண்ணு போதும் திலகவதி" என்றார். சஹானாவுக்கு இன்றும் வலி.

மார்ச் 12, புதன்

கோர்ட்.

என் வக்கீல் ஆறு போட்டோவையும் பிரிண்ட் போட்டுக் கொடுத்தார். பிள்ளை தகப்பனைக் கண்டு நடுங்குகிறாள் என்று அழகாகப் பேசினார். நான் கதிரேசனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு வியர்க்கவில்லை. அவருடைய வக்கீல் எழுந்து, தாங்களும் ஒரு ஆவணம் கொடுக்க விரும்புவதாகச் சொன்னார்.

அதே ரிஜிஸ்டர், அதே நர்ஸின் கையெழுத்து. ஜூலை 7, ஆகஸ்ட் 4, செப்டம்பர் 1, அக்டோபர் 6, டிசம்பர் 1, ஜனவரி 5. ஆறும் முதல் ஞாயிறு. பிள்ளை தாயைக் கண்டு நடுங்குகிறாள் என்று அவரும் அழகாகப் பேசினார். ஜனவரி மூன்றாம் ஞாயிறு போனபோது கதிரேசனும் ரிஜிஸ்டரைப் புரட்டியிருக்கிறார். ஒரு போட்டோவின் ஓரத்தில் அவருடைய கைக்குட்டை தெரிந்தது. கட்டம் போட்டது, நான் வாங்கிக் கொடுத்தது.

ஜட்ஜ் அம்மா இரண்டு தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"நவம்பர் மூணு மட்டும் ரெண்டுலயும் இல்லையே. அது முதல் ஞாயிறுதான?" என்று என்னைக் கேட்டார்.

"அன்னிக்கு மண்சரிவு மேடம். நான் போகல" என்றேன்.

வக்கீல் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். அதற்குள் சொல்லிவிட்டேன். என் வாயால் சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது.

"புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து பிள்ளைக்கு என்ன வியாதின்னு கண்டுபிடிச்சுக் குடுத்திருக்கீங்க" என்றார் ஜட்ஜ் அம்மா. "ஏப்ரல் முப்பது. பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க."

வெளியே வந்து வக்கீலைத் திட்டினேன். வேறு யாரைத் திட்டுவது?

ஏப்ரல் 26, சனி

நல்ல சீசன். வத்தலகுண்டிலிருந்தே வண்டி நகரவில்லை. இ-பாஸ் இல்லாதவனையெல்லாம் திருப்பி அனுப்பியும் இவ்வளவு கூட்டம். பூங்காவில் மலர்க் கண்காட்சிக்குப் பந்தல் போடுகிறார்கள். ஏரியைச் சுற்றி ஆளுக்கு ஒரு சைக்கிள், அதில் பாதிப் பேருக்கு ஓட்டத் தெரியாது.

பள்ளிக்கூடம் கோடை விடுமுறைக்கு மூடுகிறது. முப்பதாம் தேதி வரை பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்று கோர்ட் சொல்லவில்லை. முந்திக்கொள்ளலாம் என்று பத்து மணிக்கே கேட்டுக்குப் போனேன். கையில் நாலு நாள் இருந்தால் ஜட்ஜ் அம்மாவுக்குச் சொல்ல வேண்டியதைச் சரியாகச் சொல்ல வைத்துவிடலாம். கேட்டில் கதிரேசன் நின்றுகொண்டிருந்தார். ஒன்பதரைக்கே வந்துவிட்டாராம்.

அமலோற்பவம் வந்தாள். சஹானா பெட்டியோடு இறங்கி வந்தாள். அமலோற்பவம் எங்கள் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு அவளிடம் கேட்டாள்.

"யாரு கூட தங்கம் போற?"

சஹானா பெட்டியின் கைப்பிடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். "உங்க வீட்டுக்கு வரட்டுமா பெரியம்மா? முப்பதாந்தேதி வரைக்கும்?"

நான் போட்ட சத்தத்தில் ரோட்டில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். பிள்ளையைக் கடத்துகிறாள் என்றேன். போலீஸைக் கூப்பிடுவேன் என்றேன். லாட்ஜ் நடத்துகிறவளுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்றேன். இன்னும் சில வார்த்தைகள், அதை இங்கே எழுத மாட்டேன். அமலோற்பவம் கடைசி வரை ஒரே வாக்கியம்தான் சொன்னாள்: "பிள்ள சொன்னா போடறேன், சொல்லலன்னா போடமாட்டேன்."

பிரின்சிபால் மேடம் ஃபைலோடு வந்தார். அந்த ஃபார்மைப் பிரித்து என் முன்னால் வைத்தார். நீல மையில் என் கையெழுத்து. பெற்றோர் உட்பட எவருடனும். எங்கள் ஆபீசில் இப்படி எழுதிவிட்டு வந்து நிற்கிறவர்களை எத்தனை பேரைப் பார்த்திருப்பேன். "நீங்க எழுதுனதுதானங்க, இப்ப என்ன செய்ய முடியும்" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்.

"நீ எழுதுனதுதான திலகா" என்றார் கதிரேசன்.

"உங்களுக்காக எழுதுனது."

"நல்லா எழுதியிருக்க" என்றார். கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். அவர் கண் கலங்கியிருந்தது. மூன்று வருடத்தில் முதல் முறையாக நாங்கள் இரண்டு பேரும் ஒரு கேட்டுக்கு ஒரே பக்கத்தில் நின்றோம், அதுவும் வெளிப்பக்கம்.

அமலோற்பவம் பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். சஹானா அவள் முந்தானையைப் பிடிக்கவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. இறக்கத்தில் போகப் போக நடை வேகமாயிற்று.

ஏப்ரல் 30, புதன்

மதுரையில் நூற்று நாலு டிகிரி. மலைக்காரி ஸ்வெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு கோர்ட் வராந்தாவில் விசிறிக்கொண்டிருந்தாள். சஹானா தண்ணீர்ப் பாட்டிலை அவளுக்குத் திறந்து கொடுத்தாள்.

பத்து நிமிடம்தான் சஹானா ஜட்ஜ் அறைக்குள் இருந்தாள். அப்புறம் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். வக்கீல்கள் வெளியே.

ஜட்ஜ் அம்மா சொன்னார்: "யாருகூட இருக்க ஆசைப்படறன்னு கேட்டேன். 'ரெண்டாவது ஞாயிறு'ன்னா. எனக்குப் புரியல. அப்டின்னா என்னம்மான்னு கேட்டேன். 'அன்னிக்கு யாரும் வரமாட்டாங்க'ன்னா."

கதிரேசன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு அங்கேயே செத்துப் போகலாம் போல இருந்தது. பத்து மாதமாக நான் சுமந்து போன கேரியர் எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தது. வலியோடு வலியாக அந்தச் சுக்காவை அவள் எனக்காகத்தான் தின்றிருக்கிறாள்.

உத்தரவு இதுதான்: படிப்பு அங்கேயே தொடரலாம், கார்டியனும் அமலோற்பவமே. மே மாதம் பாதி எனக்கு, பாதி அவருக்கு. முதல் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும் அப்படியே இருக்கும், ஆனால் பிள்ளை வருகிறேன் என்றால் மட்டும்தான் வெளியே. ஒரு வருடம் கழித்து மறுபடி பார்க்கலாம்.

வெளியே வந்தபோது அமலோற்பவம் பெஞ்சில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தாள். புளிச்சாதம். "சாப்புடும்மா, காலைல இருந்து நிக்கிற" என்றாள். கேட்டில் நான் பேசியதற்கு ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாப்பிட்டேன். உப்பு கூடுதல்.

மே 11, ஞாயிறு

இரண்டாம் ஞாயிறு. என்னிடம் இருக்கிறாள். காலையில் எழுந்து காப்பி போட்டுக்கொண்டிருந்தபோது வந்து நின்று, "வயித்துவலி இல்லம்மா" என்றாள். நான் கேட்கவே இல்லை, அவளாகத்தான் சொன்னாள். என்ன செய்வது என்று தெரியாமல் இன்னொரு ஸ்பூன் சர்க்கரை போட்டேன்.

ஜூன் 1, ஞாயிறு

நாளை பள்ளிக்கூடம் திறக்கிறது. கதிரேசன் கொண்டுவந்து விட்டிருக்கிறார். நான் புது ஃபார்மில் கையெழுத்துப் போட வந்தேன். பிள்ளையைப் பார்க்கக் கேட்கவில்லை, மே முழுக்க எங்கள் கையில்தானே இருந்தாள்.

வருடா வருடம் ஃபார்ம் புதிதாக எழுத வேண்டுமாம். பிரின்சிபால் மேடம், "அந்த வரியை இந்தத் தடவை எடுத்துடலாமா?" என்று கேட்டார். எடுத்துவிடத்தான் பஸ்ஸில் வரும்போதெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். எடுத்தாலும் அடுத்த வருடம் ஜட்ஜ் அம்மா ஃபார்மையா கேட்கப் போகிறார்? பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன். எதிரே கதிரேசன் ஷூ நுனியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதே வரியை எழுதினேன். பெற்றோர் உட்பட. கீழே அவரும் கையெழுத்துப் போட்டார்.

ஜூலை 6, ஞாயிறு

பழைய காற்று. பழைய குளிர். குதிரைக்காரன் இன்றும் கையைப் பிடித்தான்.

கேரியரோடு கேட்டில் நின்றேன். அமலோற்பவம் பேனாவை எடுத்து, "போறியா தங்கம்?" என்றாள்.

சஹானா என்னைப் பார்த்தாள். ஒரு வருடத்தில் என் கண்ணை நேராகப் பார்த்தது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"இன்னிக்கு வேணாம்மா" என்றாள்.

நாலு மணி நேரம் பஸ்ஸில் வந்திருக்கிறேன். அதிகாலை எழுந்து சுக்கா வறுத்திருக்கிறேன். சொல்லுவதற்கு என்னிடம் இருபது வார்த்தை இருந்தது, இருபதும் தொண்டைக்கு வந்துவிட்டது. அமலோற்பவம் பேனாவை மூடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி" என்றேன். கேரியரை வாட்ச்மேனிடம் கொடுத்தேன். சஹானா உள்ளே போனாள், கொஞ்ச தூரம் போய் நின்று ஒரு தடவை திரும்பினாள், அப்புறம் போய்விட்டாள்.

நாலு மணி வரை லாட்ஜ் அடுப்படியில் அமலோற்பவத்தோடு பட்டாணி உரித்தேன். அவள் ஒரு மணி நேரத்தில் உரிப்பதை நான் இரண்டு மணி நேரத்தில் உரித்தேன்.

பஸ்ஸுக்குப் போகும் வழியில் பள்ளிக்கூடத்து சிக் ரூமுக்குள் நுழைந்தேன். நர்ஸ் என்னை அடையாளம் கண்டு ரிஜிஸ்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "போட்டோ எடுக்கக் கூடாது மேடம்." போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடிக் காட்டினேன். அப்புறம்தான் கொடுத்தாள்.

ஜூலை 6. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்திக்குப் பல்வலி. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு முழங்காலில் சிராய்ப்பு. அவ்வளவுதான். விரலை வைத்து வரி வரியாக இன்னொரு முறை பார்த்தேன். பக்கத்தைத் திருப்பியும் பார்த்தேன். இருபது வருட ஆபீஸ் வேலையில் ஒரு பெயர் இருந்துவிடக் கூடாதே என்று இப்படித் தேடியதில்லை. சஹானாவின் பெயர் இல்லை.

பஸ் புறப்பட்டதிலிருந்து வத்தலகுண்டு வரை அழுதேன். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்து, "வாந்தி வருதாம்மா?" என்று கேட்டு ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்தார்.